பத்தில் ஏழு ஜெயித்த டெக், சென்னையில் ஐந்தில் நான்கு தோற்றது ஏன்?

காட்பாடியில் கல்லூரியில் படிப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். போகிமான் கார்டு ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு டெக் (ஆடுவதற்கு நாமே தேர்ந்தெடுத்து அடுக்கும் 60 கார்டுகள்) கட்டினீர்கள். விடுதி நண்பர்களோடு ஆடிய பத்து ஆட்டத்தில் ஏழு ஜெயித்தீர்கள். அதே டெக்கோடு சென்னையில் ஒரு கடையில் நடந்த போட்டிக்குப் போனீர்கள். ஐந்து சுற்றில் ஒன்றுதான் கிடைத்தது. இனி போட்டிகளில் ஜெயித்தவர்களின் பட்டியலை அப்படியே எடுத்து ஆடுவதா, சொந்த டெக்கையே மாற்றி மாற்றிச் சோதிப்பதா என்று கேட்கிறீர்கள். காப்பியா சொந்தச் சரக்கா என்று கேட்பதுபோலத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: ஒரு டெக் நல்லதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் வேலூரில் மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் கணக்குப் பார்ப்பவன். மருந்தால் தேறினாரா, தானாகவே தேறினாரா என்று பிரித்துப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. எட்டு வருடமாக ஞாயிறு இரவுகளில் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடியில் ஐந்தாறு பேர் கூடி ஆடுகிறோம். பெரும்பாலும் போகிமான், நடுநடுவே மேஜிக் என்ற இன்னொரு கார்டு ஆட்டம். யூகியோ ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. உங்கள் 60 கார்டில் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனவே இந்த டெக் தேறுமா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தேறுமா என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்ல முடியும்.

முதலில் அந்த ஏழையும் ஒன்றையும் பார்ப்போம். உங்கள் டெக் நல்லதும் கெட்டதும் இல்லாமல் சரிபாதியாக, நாணயம் சுண்டுவதுபோல ஜெயிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட டெக் பத்து ஆட்டத்தில் ஏழோ அதற்கு மேலோ ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? 17 சதவீதம். அதே டெக் ஐந்து சுற்றில் ஒன்றோ அதற்குக் குறைவாகவோ ஜெயிக்க? ஏறக்குறைய 19 சதவீதம். விடுதியில் வந்த சந்தோஷமும் சென்னையில் வந்த வருத்தமும் ஒரே சாதாரண டெக்கிலிருந்தே வந்திருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். டெக் நன்றாக இருந்து சென்னையில் சீட்டு சரியாக வராமல் போயிருக்கலாம், டெக் சுமாராக இருந்து விடுதியில் சீட்டு கைகொடுத்திருக்கலாம். இந்தப் பதினைந்து ஆட்டத்தை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது. நூறு ஆட்டம் ஆடினாலும் ஐந்து வெற்றி மேலேயோ கீழேயோ போவது சகஜம். போட்டி முடிந்த அன்று இரவே டெக்கைக் கலைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, ஆடாமலேயே உறுதியாகச் சொல்லக்கூடியது எது? எண்ணிக்கை. டெக்கில் 9 பேசிக் போகிமான் (நேராகக் களத்தில் இறக்கக்கூடியவை, ஒன்றாவது கையில் இல்லாமல் ஆட்டம் தொடங்காது) இருப்பதாகச் சொல்கிறீர்கள். 60 கார்டிலிருந்து முதல் 7 எடுக்கும்போது ஒரு பேசிக்கும் வராமல் போக வாய்ப்பு 30 சதவீதம். வராவிட்டால் கையைக் காட்டி, திரும்பக் கலைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் எதிராளி விரும்பினால் ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை இப்படித் தானம் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறீர்கள். பேசிக் 12 ஆனால் அது 19 சதவீதமாகக் குறையும். கூடுதலாக மூன்று பேசிக் போட எதை எடுப்பது என்பது வேறு பிரச்சினை, ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அடுத்தது, மூன்று வெவ்வேறு ஸ்டேஜ் டூ வரிசைகளை (பேசிக்கின் மேல் ஸ்டேஜ் ஒன், அதன் மேல் ஸ்டேஜ் டூ என்று வளரும் கார்டுகள்) இரண்டிரண்டு கார்டாக வைத்திருப்பது. ஒரு கார்டில் நான்கு பிரதி வைத்தால் முதல் ஏழில் ஒன்றாவது வர 40 சதவீத வாய்ப்பு. மூன்று என்றால் 32, இரண்டு என்றால் 22, ஒன்று மட்டும் என்றால் 12. அதோடு ஆறு கார்டு பிரைஸாகக் கவிழ்ந்து கிடக்கிறது, எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போதுதான் அவற்றை எடுக்க முடியும், ஆறையும் எடுத்தவர் ஜெயிப்பார். இரண்டு பிரதி வைத்த கார்டில் ஒன்றாவது அங்கே மாட்டிக்கொள்ள 19 சதவீதம் வாய்ப்பு உண்டு. ஸ்டேஜ் டூ போகிமான் ஆடுகளத்தில் நிற்க வேண்டுமானால் அடிக்கார்டும் மேல்கார்டும் கையில் சேர வேண்டும், நடுவில் ஸ்டேஜ் ஒன் வேண்டும், அல்லது அதைத் தாண்டிப்போக ரேர் கேண்டி என்ற கார்டு வேண்டும். இப்படி மூன்று வரிசை வைத்தால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கையில் இருக்கும், எதுவும் முழுசாக இருக்காது. ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். எல்லாச் செட்டுக்கும் இரண்டிரண்டு சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் டிக்ளேர் பண்ணவே முடியாது. ஒரு வரிசையைப் பிரதானமாக வைத்து, மற்றதை உதவிக்கு வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு ஒரு ஆட்டம்கூட ஆட வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும்.

இந்த எண்ணிக்கைப் புத்தி இவ்வகை ஆட்டங்களின் பிறப்பிலேயே இருக்கிறது. 1993ல் மேஜிக் ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில், எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று எண்ணும் சேர்வியல் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். சோதித்துக் கட்டுவது என்றால் என்ன என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணமும் மேஜிக்கிலிருந்துதான். 1996ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் ஒரு சிவப்பு டெக்கை ஆடினார். அதை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். உள்ளே இருந்த கார்டுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் யாரும் சீந்தமாட்டார்கள். அயர்ன்க்ளா ஓர்க்ஸ் என்று ஒரு கார்டு, தன் அளவு பலமுள்ள எதிரியைக்கூடத் தடுக்க முடியாத கார்டு. ஆனால் ஷ்னைடர் எந்தக் கார்டு பலமானது என்று கேட்கவில்லை. மேஜிக்கில் ஒரு கார்டை இறக்கக் கொடுக்கும் விலைக்கு மனா என்று பெயர். முதல் டர்னில் ஒரு மனாவுக்கு எத்தனை கார்டு, இரண்டாம் டர்னில் இரண்டு மனாவுக்கு எத்தனை கார்டு என்று, கையில் உள்ள மனா எந்த டர்னிலும் வீணாகாதபடி விலை வாரியாக அடுக்கினார். பெரிய கார்டுகளைத் தூக்க எதிராளி காத்துக்கொண்டிருக்கும்போது இந்த டெக் அடித்துக்கொண்டே இருந்தது. மனா வளைவு என்று இன்று எல்லோரும் பேசும் விஷயம் பரவியது அந்த டெக்கிலிருந்துதான். சொந்தமாகக் கட்டுவது என்றால் இப்படி ஒரு கேள்வியிலிருந்து கட்டுவது. பிடித்த போகிமான் மூன்றைச் சேர்த்து வைப்பதும் சந்தோஷமான ஆட்டம்தான், ஆனால் அதில் பதில் தேட வேண்டிய கேள்வி ஒன்றும் இல்லை.

இப்போது காப்பிக்கு வருவோம். என் பதில்: எடுங்கள், தயக்கமே வேண்டாம். எங்கள் வேலையில் புது மருந்தைச் சோதிக்கும்போது ஏற்கெனவே கொடுத்துவரும் மருந்தைப் பெறும் ஒரு குழுவும் இருக்கும். அந்தக் குழு இல்லாவிட்டால் புது மருந்து எதைவிட மேல் என்று சொல்லவே முடியாது. ஜெயித்த பட்டியல் உங்களுக்கு அந்தக் குழு. அதை 60 கார்டும் மாற்றாமல், பிடிக்காத கார்டையும் சேர்த்தே, குறைந்தது இருபது ஆட்டம் ஆடுங்கள். முதல் நாளே இந்தக் கார்டு எதற்கு என்று தூக்கிவிட்டு உங்களுக்குப் பிடித்ததைப் போட்டால், எந்தக் கார்டு ஏன் இருந்தது என்று தெரியாமலே போய்விடும். ஒற்றைப் பிரதியாக இருக்கும் கார்டு பல நேரம் யாரோ ஒருவர் பல தோல்விக்குப் பிறகு போட்டதாக இருக்கும். அந்தக் கார்டு காப்பாற்றும் ஆட்டத்தை ஒருமுறையாவது நீங்கள் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம் உங்கள் டெக்கை எடுத்து அதோடு மோதவிடுங்கள்.

மாற்றுவது என்று வந்தால் ஒரே நேரத்தில் எட்டு கார்டை மாற்றாதீர்கள். ஒன்றையோ, ஒரே வேலை செய்யும் இரண்டையோ மாற்றுங்கள். ஆனால் ஒரு கார்டு மாற்றியதும் வெற்றி கூடியதா என்று எண்ணுகிறார்களே, அது பெரும்பாலும் வீண் உழைப்பு. பாஸஸ் ஆர்டர்ஸ் என்ற கார்டை இரண்டு பிரதியிலிருந்து மூன்றாக்கினீர்கள் என்று வையுங்கள். ஒரு ஆட்டத்தில் பாதி டெக்கைப் பார்ப்பீர்கள் என்றால், அந்த மூன்றாவது பிரதி பாதி ஆட்டத்தில் கைக்கே வராது. வந்த ஆட்டங்களிலும் சிலவற்றில்தான் முடிவை மாற்றும். மொத்தத்தில் வெற்றி விகிதம் ஒரு சதவீதம் கூடியிருக்கலாம். அந்த ஒரு சதவீதத்தை வெற்றி தோல்வி எண்ணியே நிரூபிக்க வேண்டுமானால் பழைய வடிவத்திலும் புது வடிவத்திலும் தலா 20 ஆயிரம் ஆட்டத்துக்கு மேல் ஆட வேண்டும். எந்த விடுதியிலும் அதற்கு நேரம் கிடையாது.

அதனால் வெற்றியை விட்டுவிட்டு அந்தக் கார்டுக்கு நெருக்கமான ஒன்றை எண்ண வேண்டும். நாங்கள் செய்வது இது. சந்தேகமுள்ள இடத்தில் கார்டுக்குப் பதில் வெள்ளைத் தாள் ஒன்றை, கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் கவரில் செருகி வைப்போம். ஆட்டத்தில் அது கைக்கு வரும்போது, இந்த நிமிடம் எந்தக் கார்டு வந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்து, முடிவு தெரியும் முன்பே நோட்டில் எழுதிவிட்டு, அதுவாகவே வைத்து ஆடுவோம். முப்பது தடவை எழுதினால் போதும். அதில் பதினெட்டு தடவை, தாக்குவதற்குத் தேவைப்படும் ஆற்றல் கார்டு என்று வந்திருந்தால், டெக்குக்குக் குறை எங்கே என்று தெரிந்துவிடும். முடிவுக்கு முன்பே எழுதுவது முக்கியம். ஜெயித்த பிறகு எழுதினால் எல்லாக் கார்டும் நல்ல கார்டாகத்தான் தெரியும்.

இன்னொரு வழி, ஒரே கையை இரண்டு முறை ஆடுவது. தொடக்கக் கை, பிரைஸ், டெக்கின் வரிசை எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் பழைய வடிவத்தில் ஆடுங்கள், பிறகு மாற்றிய கார்டை அதே இடத்தில் வைத்து மறுபடி ஆடுங்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு மருந்தையும் வேறு வேறு காலத்தில் கொடுத்துப் பார்ப்பதுபோல. சீட்டின் அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுவதால் குறைந்த ஆட்டத்திலேயே வித்தியாசம் தெரியும். இரண்டாம் முறை ஆடும்போது என்ன வரும் என்று முன்பே தெரிந்திருக்கும், அந்தக் குறை இதில் உண்டு. கூடுமானவரை மறந்தவர்போல ஆட வேண்டும், அல்லது இரண்டாம் முறை வேறு நண்பரை ஆடவிட வேண்டும். யார் முதலில் ஆடினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஆடுபவர் முதல் டர்னில் தாக்க முடியாது என்பதால் இரண்டு நிலையும் வேறு வேறு ஆட்டம் மாதிரி. பாதிக்குப் பாதி ஆடாமல் சேர்த்து எண்ணினால் கணக்கு கோணிவிடும்.

டெக்குகளை மாற்றிக்கொண்டும் ஆடுங்கள். உங்கள் டெக்கை நண்பரிடம் கொடுத்து, நீங்கள் எதிர்ப்பக்கம் உட்காருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடம் முன்பு ஒரு கோடை முழுக்க, மூன்று மாதம், ஒரே நண்பரின் ஒரே டெக்கோடு மோதி என் டெக்கைத் தீட்டினேன். கடைசியில் பத்துக்கு எட்டு ஜெயித்தேன். பெங்களூரில் போட்டிக்குப் போனால், மூன்று சுற்று வரை அந்த நண்பரின் டெக்கைப் போல ஒன்றுகூட எதிரே வரவில்லை. நான் போட்டு வைத்திருந்த ஆறேழு கார்டுகள் அவர் ஒருவரை மட்டும் நிறுத்தத்தான் உதவும். அவருடைய பழக்கத்துக்கு ஏற்றபடி என் டெக் வளைந்துபோயிருந்தது. உங்கள் விடுதியிலும் இது நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முதலில் நான் சந்தேகப்படுவது அதைத்தான்.

சென்னைத் தோல்விகளில் இரண்டைப் பற்றி நீங்கள் எழுதியது மட்டும் அதிர்ஷ்டக் கணக்கில் சேராது. எதிராளியிடம் வீழ்ந்தால் ஒரே பிரைஸ் தரும் சின்னப் போகிமான்கள், உங்களிடம் வீழ்ந்தால் இரண்டு பிரைஸ் தரும் ஈஎக்ஸ் என்ற பலமான வகைப் போகிமான்கள். அவர் மூன்று முறை வீழ்த்தினால் ஆறு பிரைஸும் முடிந்துவிடும், நீங்கள் ஆறு முறை வீழ்த்த வேண்டும். ஆனாலும் முதல் டர்னிலிருந்தே பாய்ந்தேன் என்கிறீர்கள். ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? நம் பக்கத்துக் கோயில் மண்டபத் தரைகளில் கட்டம் கீறியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி வெட்டி ஜெயிக்கும், ஆடு வழியை அடைத்து ஜெயிக்கும். ஆடு வைத்திருப்பவர் புலிமாதிரி பாய்ந்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் கார்டு ஆட்டத்தில் சிக்கல் என்னவென்றால், யார் புலி என்று கட்டத்தில் எழுதியிருக்காது, எதிரே யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். மைக் ஃப்ளோரஸ் என்ற மேஜிக் ஆட்டக்காரர் 1999லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்: தன் பாத்திரம் எது என்று தவறாகப் புரிந்துகொண்டவர் தோற்பார் என்பது அவர் வாதம். ஒரு பிரைஸ் டெக்குக்கு எதிராக நீங்கள் பாய்ந்து ஜெயிப்பது கடினம். உங்கள் ஈஎக்ஸை ஒரே அடியில் வீழ்த்தவிடாமல், அவருடைய ஆற்றல் தீரும்வரை இழுத்தடிக்க வேண்டும். அதற்கான கார்டு உங்கள் டெக்கில் இருக்கிறதா? நீங்கள் எழுதிய பாதியில் நான் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட நிச்சயமில்லாதது, போட்டி நாளில் எதிரே என்ன டெக்குகள் வரும் என்பது. உங்கள் டெக் ஒரு குறிப்பிட்ட டெக்கிடம் 30 சதவீதம்தான் ஜெயிக்கும், மற்ற எல்லாவற்றிடமும் 60 சதவீதம் ஜெயிக்கும் என்று வையுங்கள். அறையில் 40 சதவீதம் பேர் அந்த டெக்கை வைத்திருந்தால் உங்கள் மொத்த வாய்ப்பு 48 சதவீதம். 15 சதவீதம் பேர்தான் என்றால் 55ஐத் தாண்டிவிடும். டெக்கும் அதே, ஆடும் கையும் அதே. பெரிய போட்டிகளின் முடிவுகளைப் பார்த்து ஊகிக்கலாம், ஆனால் முப்பது பேர் வரும் கடைப் போட்டியில் நான்கு நண்பர்கள் ஒரே டெக்கோடு வந்தாலே அந்த ஊகம் கவிழ்ந்துவிடும். அதனால் அறையைக் கணித்து டெக் கட்டுவதை நான் இரண்டாவது வேலையாகத்தான் வைக்கிறேன். அடிக்கடி வரும் மூன்று டெக்குகளோடு ஆடிப் பழகுவது முதல் வேலை.

அந்த மூன்று டெக்கையும் வாங்க வேண்டாம். கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் கார்டுப் படங்களை அச்செடுத்து, பழைய கார்டின் முன்னால் வைத்துக் கவரில் செருகினால் பயிற்சிக்குப் போதும். அங்கீகாரம் பெற்ற போட்டியில் அது செல்லாது, வீட்டு மாடியில் யாரும் தடுக்கப் போவதில்லை. தனியாக இருக்கும் நேரத்தில் போகிமான் டிசிஜி லைவ் என்ற செயலியில் ஆடலாம், காசு கட்ட வேண்டாம், கலைக்கிற நேரமும் மிச்சம். வேலூர் வெயிலுக்காக ஒன்று: மின்னும் ஃபாயில் கார்டுகள் ஈரப்பதம் மாறும்போது வளைந்துகொள்ளும். வளைந்த கார்டு டெக்கில் தனியாகத் தெரிந்தால் குறியிட்ட கார்டு என்று நடுவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரே கார்டு சாதாரண அச்சிலும் கிடைத்தால் போட்டிக்கு அதையே வாங்குங்கள், விலையும் குறைவு.

இனி செய்ய வேண்டியது. கலைத்த டெக்கை நினைவிலிருந்து 60 வரியாக எழுதி, மறுபடி அடுக்குங்கள். மூன்று வரிசையில் ஒன்றை எடுத்துவிட்டு பேசிக்கை 11, 12 ஆக்குங்கள். இதற்குச் சோதனை தேவையில்லை, கணக்கே சொல்லிவிட்டது. பிறகு ஜெயித்த பட்டியல் ஒன்றை ஜெராக்ஸில் கட்டி இருபது ஆட்டம். அப்புறம் அதற்கும் உங்கள் டெக்குக்கும் இடையே முப்பது ஆட்டம், பாதியில் பக்கம் மாற்றிக்கொண்டு. வெள்ளைத் தாளை உங்கள் டெக்கில் இரண்டு இடத்தில் வையுங்கள். தேர்வுக் காலம் இல்லையென்றால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் 60 வரிப் பட்டியலையும் அந்த நோட்டுப் பக்கத்தையும் இங்கேயே எழுதிப் போடுங்கள், வெள்ளைத் தாளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.